கொண்டை ஊசி வளைவில் யானை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. சேலம் வரைக்குமா? நானும் சேலந்தானுங்க. பையை மேல வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்குங்க. மேல வச்சா யாரு கை போகுது, யாரு கை வருதுன்னு பாத்துட்டேவா இருக்க முடியும். சன்னலோரத்தை மட்டும் கேக்காதீங்க, தரமாட்டேன். பின்னாடி எந்த வண்டி வருதுன்னு தெரியலைன்னா எனக்கு மனசு ஒரு நெலையில நிக்காது.

என்ன வேலை பாக்கறீங்க? பேங்க்லீங்களா. எந்த பேங்க்? சரி, சரி. எலக்ட்ரானிக்ஸ் லைன்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையே? சும்மா கேட்டு வச்சுக்கறேன். இப்பவெல்லாம் நான் ஆளு தெரியாம வாயைத் தொறக்கறதில்லைங்க.

போன்ல கார் ஓட்டிட்டு இருந்தீங்களே, அதைப் பாத்துத்தான் எனக்குப் பேச்சு வருது. நீங்க சின்னப் பையனா இருக்கும்போது கையில வச்சு ஆடற வீடியோ கேம் வந்துச்சே, பென்சில் செல் போட்டு ஆடறது, கறுப்பு வெள்ளையில கட்டம் கட்டமா விழுமே. அதுல 'மின்மினி'ன்னு ஒண்ணு. ஞாபகம் இருக்குதா? இல்லீங்களா. சரி, 'பம்பரம்'? அது ஞாபகம் இருக்குது. பாத்தீங்களா. அதைத்தான் சொல்ல வர்றேன்.

மின்மினி என்னோடது. என் பேரு மருதாசலம். கோயமுத்தூர்ல கணபதி பக்கம் கம்பெனி. பம்பரம் லோகநாதனோடது. அவன் கம்பெனியும் அங்கதான், ரெண்டு வீதி தள்ளி.

மொதல்ல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம். டிவி ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் செஞ்சு வித்தோம். நல்லாத்தான் ஓடுச்சு. ஒருநாள் திருப்பூர் டீலர் ஒருத்தர்கூட லோகநாதன் தனியா நின்னு டீ குடிக்கறதைப் பாத்தேன். அவருகிட்ட என்னடா பேசுனேன்னு கேட்டேன். மழையைப் பத்தின்னான். ஒரு டீ குடிக்கற நேரம் பூரா மழையைப் பத்தி எவனாச்சும் பேசுவானுங்களா? அதையே நாலு விதமா கேட்டேன். அதுக்குக் கோவிச்சுக்கிட்டு, உன்கூட இருந்தா சோறு எறங்காதுன்னு சொல்லிப் பங்கைப் பிரிச்சுட்டுப் போயிட்டான். மடியில கனம் இல்லாதவன் எதுக்குக் கோவிக்கணும்னு நான் அன்னைக்கே நினைச்சேன்.

அப்புறந்தான் வீடியோ கேம். பம்பாயில ஒரு கடையில வெளிநாட்டுச் சரக்கு ஒண்ணைப் பாத்து, இதை நாமளே பாகம் வாங்கிப் பூட்டலாமேன்னு தோணுச்சு. சிப்பும் டிஸ்பிளேவும் தைவான்ல இருந்து வரும், கேபினெட், அதான் வெளிக்கூடு, நம்ம ஊர்ல மோல்டு போட்டுக்கலாம், சால்டரிங்குக்குப் பொம்பளைப் புள்ளைங்க இருக்குது. மின்மினின்னு பேரு வச்சேன். பேன்சி ஸ்டோர்ல தொங்கவிட்டா சாயங்காலம் கொக்கி வெறுமையா இருக்கும். ஒரு தீபாவளி நல்லாப் போச்சு. அடுத்த தீபாவளிக்குப் பம்பரம் வந்து நிக்குது. அதே செங்கல் அடுக்கற கேம், அதே நாலு பட்டன். சிப் விக்கறவன் எல்லாருக்கும் விப்பான், அது தெரியும். ஆனா ஆரஞ்சு கலர் கேபினெட் நான் போடப் போறேன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? என்னோடது கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவனோடது ஆரஞ்சுல தொங்குது.

அன்னைக்குப் புடிச்சதுங்க எனக்கு இந்தச் சந்தேகம்.

நம்ம போஸ்டர் மேல அவன் போஸ்டர் ஒட்டுவான், அவன் போஸ்டர் மேல நாம ஒட்டுவோம். அதெல்லாம் வெளிய நடக்கற சண்டை. என் சண்டை கம்பெனிக்கு உள்ள. யாரோ ஒருத்தர் சொல்றாங்க. யாருன்னுதான் தெரியல.

எல்லாரும் ஒரே கேமை விக்கறதுனாலதான் இந்தத் தொல்லை, நமக்குன்னு ஒரு கேம் வேணும்னு முடிவு பண்ணேன். வத்சலான்னு ஒரு பொண்ணு. நம்ம ஊர்லயே இன்ஜினியரிங் முடிச்சது, அப்பா மில்லுல இருந்தவரு. வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்லயே, வெளிநாட்டுக்காரன் கேமையே ஏன் சார் ஆடணும், ஊட்டி மலைப்பாதையில பஸ் ஏறற மாதிரி ஒண்ணு செய்யலாம்னு சொல்லுச்சு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணா வரும், எதுக்க லாரி வரும், ஒதுங்கணும், பஸ்ஸு மலை மேல தலைக்குந்தா ஊருக்குப் போய்ச் சேரணும். கேட்டதும் எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. எழுதும்மான்னேன். அந்தப் பொண்ணு உக்காந்து எழுதுச்சுங்க. சாப்பிடக் கூப்பிட்டாலும் எந்திரிக்காது. வளைவுல பஸ்ஸு திரும்பறது கொஞ்சம் வெட்டி வெட்டி வருதுன்னு அழுதிருக்குது ஒருநாள். ஆரோக்கியசாமி வந்து சொன்னாரு.

ஆரோக்கியசாமி யாருன்னா நம்ம சூப்பர்வைசர். பூஸ்டர் காலத்துல இருந்து என்கூட இருக்கறவரு. பங்கு பிரியறப்ப லோகநாதன் எவ்வளவோ கூப்பிட்டும் போகல. ஏன் போகலைன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை இருந்துச்சு.

இந்தப் பஸ் கேம் விஷயம் கம்பெனியில வத்சலா, ஆரோக்கியசாமி ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மத்தபடி யாருக்கும் தெரியாது. அப்புறம் எனக்கு, ஆடிட்டர் வேணுகோபாலுக்கு, அவ்வளவுதான். அவரு நம்ம ஆடிட்டர் இல்லைங்க, பொதுவா ஆடிட்டர். ரேஸ் கோர்ஸ்ல காலையில நடக்கறப்பப் பழக்கம். என்ன ஒரு மனுஷன் தெரியுங்களா? நாம ரவுண்டு பூராப் பேசிட்டு வந்தாலும் ம்... ம்...ன்னு கேட்டுட்டு வருவாரே தவிர, குறுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நான் முடிச்சுட்டுக் கெளம்பறப்ப லோகநாதன் ஷூவைப் போட்டுட்டு வருவான். அவன்கூடயும் ஒரு ரவுண்டு போவாரு. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி. அப்படி ஒரு தங்கமான மனுஷனை நான் பாத்ததில்லைங்க. மனசுல இருக்கறதைக் கொட்டறதுக்கு எனக்கு அவரை விட்டா யாரு இருந்தாங்க?

தை மாசம் பேப்பர்ல ஒரு விளம்பரம். 'பம்பரம் வழங்கும் மலைப்பாதை. கோடை விடுமுறையில் எதிர்பாருங்கள்.' ஒரு பஸ்ஸு படம் வேற.

நான் அந்தப் பேப்பரை எடுத்துட்டு நேரா கம்பெனிக்குப் போனேன். கேபின்ல உக்காந்து கண்ணாடி வழியா வத்சலாவையும் ஆரோக்கியசாமியையும் மாறி மாறிப் பாத்துட்டே இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலை பாத்துட்டு இருக்கறாங்க. விளம்பரத்தை வத்சலாவுக்கு நீட்டுனேன். பாத்துட்டு மொகம் செத்துப் போச்சு. "பரவாயில்ல சார், நாம முன்னாடி வந்துடலாம். என்னோடது முடியற நெலையில இருக்குது"ன்னு சொல்லுச்சு. எப்படிங்க அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆக முடியும்? முன்கூட்டியே தெரிஞ்சவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க.

அப்பத்தான் ஒரு பொறி வைக்கலாம்னு யோசிச்சேன். ஆளுக்கு ஒரு பொய்யைச் சொல்றது. எந்தப் பொய் பம்பரத்துல போய் நிக்குதோ அந்த ஆளுதான் சொல்றாங்க.

வத்சலாகிட்ட, ஒரு வளைவுல நடுரோட்டுல யானை நிக்கணும், ஹாரன் அடிக்காம காத்திருந்தாத்தான் வழி விடணும்னு சொன்னேன். அதுக்குச் சந்தோஷம்னா சந்தோஷம், கைதட்டிடுச்சு. ஆரோக்கியசாமிகிட்ட, கேபினெட்டைக் கிளிப்பச்சையில போட்டு, கழுத்துல மாட்டிக்கறதுக்குக் கயிறு வைக்கப் போறேன்னேன். மூணாவது ஆளு ஒண்ணு இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். என் சம்சாரம் கோகிலா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வீட்டுக்குள்ளன்னு விட்டுர முடியுங்களா. லோகநாதன் சம்சாரமும் கோகிலாவும் ஒரே கோயிலுக்குப் போறவங்க. பங்கு பிரிஞ்சதுக்கு அப்புறமும் பாத்தாச் சிரிச்சுக்குவாங்க.

சாதாரணமா நான் கம்பெனி விஷயம் வீட்டுல பேசமாட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அவ பூ கட்டிட்டு இருந்தா. பக்கத்துல போய் உக்காந்தேன். அவ கொஞ்சம் நகந்து எடம் விட்டா. புதுசா ஒரு கேம் வருது, அதுல மலை பஸ்ஸோட ஹாரன் சத்தம் வைக்கப் போறேன்னு சொன்னேன். நாரைக் கீழ வச்சுட்டா. கல்யாணம் ஆன புதுசுல ஊட்டிக்குப் போனோமே, அந்த பஸ்ஸு டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாட்டு மாதிரி அடிச்சாரே, அது மாதிரி வைங்கன்னா. வாயாலயே அடிச்சுக் காட்டுனா. எனக்கு அந்த டிரைவரே ஞாபகம் இல்லை. ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தா அன்னைக்கு. நான் அவ மொகத்தையே பாத்துட்டு இருந்தேன், ஏதாச்சும் தெரியுதான்னு.

மறுநாள் நடக்கறப்ப மனசு லேசா இருந்துச்சு. ஆடிட்டர்கிட்ட, சார் மூணு புது ஐடியா கைவசம் இருக்குதுன்னு யானை, கிளிப்பச்சை, ஹாரன் மூணையும் சொன்னேன். பொறின்னு மட்டும் சொல்லல. அது ரகசியம் இல்லீங்களா. அவருக்கே யானை ரொம்பப் புடிச்சுப் போச்சு. என்னைக்கும் பேசாத மனுஷன், யானை எந்தப் பக்கமா வரும்னு கேட்டாருன்னா பாத்துக்குங்க.

அதுக்கப்புறம் நான் உஷாரா ஆயிட்டேன். வத்சலா எழுதுன புரோகிராம் பூராவையும் வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். காலையில அன்னன்னைக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்துக் குடுப்பேன், சாயங்காலம் திருப்பி வாங்கிக்குவேன். முன்னாடி எழுதுனதைப் பாக்காம அடுத்ததை எழுத முடியாது சார்னு சொல்லுச்சு. பழகிக்கம்மான்னேன். போறப்ப எல்லாரு பையையும் பாத்து அனுப்பச் சொன்னேன். ஆரோக்கியசாமி டிபன் பாக்ஸைத் தொறந்து காட்டறப்ப என்னைப் பாக்கமாட்டாரு. சிப்புல ஏத்தறதுக்குத் தைவானுக்குப் புரோகிராம் போக வேண்டிய நாள் தள்ளித் தள்ளிப் போச்சு. போகட்டும்னு விட்டேன். ஆளைக் கண்டுபுடிக்காம கேமை வெளிய விட்டு என்ன பிரயோஜனம்?

பள்ளிக்கூடம் லீவு விட்டாங்க. ஒப்பணக்கார வீதிக் கடைகள்ல பம்பரம் மலைப்பாதை வந்து எறங்குச்சு. ஒண்ணு வாங்கிட்டு வந்து கேபின்ல கதவைச் சாத்திட்டு ஆடுனேன்.

கிளிப்பச்சைக் கலரு. கழுத்துல மாட்டற கயிறு. பட்டனைத் தட்டுனா மலை பஸ் ஹாரன். கொஞ்ச தூரம் ஏறுனா, வளைவுல யானை நிக்குது.

தம்பி, நான் ஒரு ஆளு சிக்கும்னு பொறி வச்சேன். மூணு பேரும் மாட்டுனாங்க.

அந்த வருஷம் ஊரு பூரா அந்தக் கிளிப்பச்சைதான். புள்ளைங்க யானைக்காகவே ஆடுச்சுங்க. பஸ்ஸுல பாத்தா ஹாரன் சத்தம், கல்யாண வீட்டுல ஹாரன் சத்தம். பாருங்க, நான் பொய்யாச் சொன்னது எல்லாம் அவனுக்கு ஓடுது.

வத்சலாவைக் கூப்பிட்டேன். அந்தப் பம்பரம் டப்பாவை மேசை மேல வச்சேன். யானை விஷயம் உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்னேன். அது டப்பாவை எடுத்து ஆடிப் பாத்துச்சு. வளைவுல பஸ்ஸு திரும்பறதையே பாத்துட்டு இருந்துச்சு. வெட்டி வெட்டித்தான் சார் திரும்புது, என்னோடதா இருந்தா இப்படித் திரும்பாதுன்னு சொல்லுச்சு. அதுக்கு அந்தக் கவலை. நான் பொறி வச்சதைச் சொன்னேன். ஆரோக்கியசாமிக்குப் பச்சை, வீட்டுல ஹாரன், மூணும் அங்க போயிருக்குது, மூணு பேரும் கூட்டுன்னேன்.

அந்தப் பொண்ணு டப்பாவைத் திரும்ப மேசை மேல வச்சுச்சு.

"அந்தம்மாவை நான் ஆயுத பூஜைக்கு ஒரு தடவை பாத்ததுதான் சார். எங்க மூணு பேருல ஒருத்தர்கிட்டச் சொன்ன பொய் இன்னொருத்தருக்குத் தெரியாது. மூணும் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருக்க முடியும்."

"யாரு?"

"நீங்க."

எவ்வளவு திமிரு பாருங்க. என் கம்பெனி ரகசியத்தை நானே கொண்டு போய்க் குடுத்தனாம். வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா, நல்லா யோசிச்சுப் பாருங்கன்னு வேற கேட்டுச்சு. யாருகிட்டயும் சொல்லலைன்னேன். அந்தப் பொண்ணு பையை எடுத்துட்டுப் போனது, அடுத்த நாள் வரல. ஆரோக்கியசாமியை நான் போகச் சொல்லவே இல்லை. கேட்டேன், அவ்வளவுதான். கம்பெனிச் சாவியை மேசை மேல வச்சுட்டு, ஒடம்பைப் பாத்துக்குங்க மொதலாளின்னு சொல்லிட்டுப் போனாரு. குத்தம் இல்லாதவரு ஒரு சண்டையாச்சும் போட்டிருக்க வேண்டாமா?

வீட்டுக்குப் போய்க் கோகிலாகிட்டக் கேட்டேன். சத்தம் எல்லாம் போடல. ஹாரன் விஷயத்தை நீ யாருகிட்டச் சொன்னேன்னு மட்டுங் கேட்டேன். யாருகிட்டயும் இல்லீங்கன்னா. கோயில்ல லோகநாதன் சம்சாரத்துகிட்டச் சொன்னியான்னேன். இல்லைன்னா. அப்ப எப்படிப் போச்சு, உன்னைச் சோதிக்கறதுக்குத்தானே நான் அந்தப் பொய்யைச் சொன்னதேன்னு எல்லாத்தையும் போட்டு ஒடைச்சேன்.

அவ அழுவான்னு பாத்தேன். அழுகல.

"அதுக்குத்தான் அன்னைக்குப் பக்கத்துல வந்து உக்காந்தீங்களா?"ன்னு கேட்டா.

ஆமான்னேன். வேற எதுக்குன்னு சொல்றது? அவ எந்திரிச்சு உள்ள போய் அரிசி களைஞ்சா. தப்பைப் புடிச்சுட்டா பொம்பளைங்க பேச்சை நிறுத்திக்குவாங்க, கவனிச்சிருக்கீங்களா? அதுக்கப்புறம் கோகிலா என்கிட்டக் கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லுவா. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற விஷயமே எனக்கு அவ அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

நம்ம பஸ் கேம் கடைசியில வெளிய வரவே இல்லை. வத்சலா எழுதுனது பாதி பாதியாப் பீரோவுல கெடந்துச்சு, அதைக் கோத்து எடுக்க வேற யாராலயும் முடியல. மின்மினி அடுத்த வருஷம் நின்னுச்சு. பம்பரமும் ரொம்ப நாள் ஓடலைங்க. வெளிநாட்டுல இருந்து கலர்ல வந்துச்சு, அப்புறம் போன்லயே கேம் வந்துச்சு. புதுசா ஒண்ணு வேணும்னா லோகநாதனுக்கு எங்கிருந்து வரும்? என்கிட்ட இருந்துதானே போகணும். நான் கடையைச் சாத்துனதும் அவனுக்கும் யோசனை வத்திப் போச்சு.

லோகநாதன் தவறிட்டான், இருக்கும் நாலஞ்சு வருஷம். எழவுக்குப் போனேன். மாலை போடறதுக்கு மட்டும் போகல, நிசத்தைச் சொல்றேன். யாரு வந்து அழுகறாங்கன்னு பாக்கறதுக்குப் போனேன். காலையில இருந்து எடுக்கற வரைக்கும் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தேன். ஆரோக்கியசாமி வரல, வத்சலா வரல. வந்தா வெளிப்பட்டுப் போயிரும்னு அவங்களுக்குத் தெரியாதா? கோகிலா அப்பச் சேலத்துல பொண்ணு வீட்டுல இருந்தா, கெளம்பி வரல. ஆடிட்டர் வேணுகோபால்தான், நடக்க முடியாத காலத்துல, தடியை ஊனிக்கிட்டு வந்து கடைசி வரைக்கும் இருந்தாரு. லோகநாதன் பையன் அவர் கையைப் புடிச்சுட்டு, அப்பா உங்களாலதான் சார் பெரிய ஆளானேன்னு அடிக்கடி சொல்லுவாருன்னு அழுதான். என்னைப் பாத்ததும் ஆடிட்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. வயசாயிருச்சு பாவம், கண்ணு சரியாத் தெரியலை போல.

சங்ககிரி தாண்டிடுச்சுங்களா? இன்னுங் கொஞ்ச நேரந்தான்.

கோகிலா சேலத்துல பொண்ணு வீட்டுல இருக்கறா. பொண்ணு பிரசவத்துக்குன்னு போனா, மூணு மாசத்துல வந்துடறேன்னு. பேரன் இப்ப ஆறாவது படிக்கறான். பையனைப் பாத்துக்க ஆளு வேணுமில்லீங்க. நான்தான் மாசத்துக்கு ஒருக்கா இப்படிப் போயிட்டு வருவேன்.

போன தடவை போனப்ப, கேட்டுல கை வைக்கறேன், உள்ள ஒரு சிரிப்புச் சத்தம். யாரோ விருந்தாளிப் பொம்பளைன்னு நினைச்சேன். கொஞ்சம் நின்னு கேட்டதுக்கு அப்புறந்தான் கோகிலான்னு தெரிஞ்சுது. போன்ல பேசிட்டு இருந்தா. சொல்லு வத்சலான்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை பாத்ததோட சரின்னு அந்தப் பொண்ணு சொன்னது பொய்யின்னு இவ்வளவு வருஷம் கழிச்சுச் சாட்சி கெடைக்குது. பொண்ணுகிட்ட அப்புறம் நைசா விசாரிச்சேன். வத்சலாக்கா கம்பெனியை விட்டுப் போன வாரமே அம்மாவைப் பாக்க வந்துச்சுப்பா, அதுல இருந்தே பேசிக்குவாங்கன்னா. பெங்களூர்ல பெரிய வேலையில இருக்குதாம். அந்த வாரமேன்னா பாருங்க. குட்டு வெளிப்பட்ட வாரமே கூடிப் பேசியிருக்கறாங்க.

அன்னைக்கு நான் வெயில்ல அப்படியே நின்னு கேட்டேன். கோகிலா இட்லி மாவு பொங்காம போனதைச் சொல்றா. வத்சலா வீட்டுக்காரருக்கு முட்டி வலி எப்படி இருக்குதுன்னு கேக்கறா. பேரன் கணக்குல மார்க்கு கொறைஞ்சதைச் சொல்லி மறுபடியும் சிரிக்கறா. இப்ப வரும், இப்ப வரும்னு மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறேன். லோகநாதன் பேரு வரல. பம்பரம்னு ஒரு வார்த்தை வரல. என்னைப் பத்திக்கூட ஒரு பேச்சு வரலீங்க. அவ்வளவு உஷாரு ரெண்டு பேரும்.

நான் உள்ள போனதும் போனை வச்சுட்டா. சாப்பிட்டாச்சுங்களான்னு கேட்டா.

இன்னைக்குச் செருப்பைக் கேட்டுக்கு வெளியவே கழட்டிட்டுப் போகலாம்னு இருக்கறேன். சன்னலுக்குக் கீழ துணி துவைக்கற கல்லு ஒண்ணு கெடக்குது. அதுல உக்காந்தா அவ பேசறது நல்லாக் கேக்கும்.